தண்ணீரில் ஒரு சிட்டிகை

காபிக் கடைக்கு வந்து தண்ணீர் மட்டும் கேட்கிற ஆளை நான் நம்புவதில்லை. ஒன்று, அவருக்கு வேறு காரியம் இருக்கும். இல்லாவிட்டால் நம் காபியைப் பற்றி யாரோ எதையோ சொல்லிவைத்திருப்பார்கள்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் காபி கிளப் வாசலில், காவடியிலிருந்து உதிர்ந்த பூ மிதிபட்டுக் கிடந்தது. இன்னும் யாரும் பெருக்கவில்லை. என் அக்கா புருஷன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் துணிக்கட்டு.

"மரதலு, ஒரு கிளாஸ் தண்ணி குடு. கண்ணாடி கிளாஸ்ல குடு."

எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு. அப்பா எங்களுக்கு நைனா, அக்கா புருஷன் பாவா. அவருக்கு நான் மரதலு, அதாவது மச்சினிச்சி.

"ஏன் பாவா, டம்ளர்ல குடுத்தா தொண்டையில எறங்காதா?"

"குடிக்கறதுக்கு இல்ல" என்றார்.

கண்ணாடி கிளாஸில் தண்ணீர் எதற்கு என்று அந்தக் கடையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் செய்த வேலை

அது நைனாவிடமிருந்து எனக்கு வந்த வியாதி. அவர் நெசவாளி. நூல் கடையில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தார். அதற்குப் பிறகு பாலில் தண்ணீர், பருப்பில் கல், கடவுள் தந்த மழையில்கூட ஏதாவது கலந்திருக்குமோ என்று பார்க்கிற ஆளாகிவிட்டார்.

காபிப்பொடிக்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. கண்ணாடி கிளாஸில் பச்சைத் தண்ணீர். மேலே ஒரு சிட்டிகை பொடி. காபிக்கொட்டைப் பொடியாக இருந்தால் மிதக்கும். சிக்கரியாக இருந்தால் பழுப்பு நூல் விட்டுக்கொண்டு நேரே அடிக்கு இறங்கும். நீங்களும் செய்து பார்க்கலாம். செய்தால் உங்கள் கடைக்காரரோடு சண்டை வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், மாமியார் வீட்டு அடுக்களையில் நான் இந்தச் சோதனையைச் செய்தேன். பொடியில் பாதி முங்கிவிட்டது. நிமிர்ந்தால் மாமியார் நிற்கிறாள்.

"வந்த மூணாம் நாளே போலீஸ் வேல பாக்குறாடா உன் பொண்டாட்டி!"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பின்னால் அவர் காபி கிளப் திறந்தபோது, டிகாக்‌ஷன் போடும் இடத்தில் என்னைத்தான் உட்கார வைத்தார். "ஊரையே சந்தேகப்படுறவ கையிலதான் பொடி டப்பா இருக்கணும்" என்றார். பொம்பளை கல்லாவுக்கு முன்னால் நின்று காபி ஆற்றுவதை அந்தக் காலத்தில் ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிக்கரி போடுவது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அளவாகப் போட்டால் டிகாக்‌ஷனுக்கு நிறம், கெட்டி, நாக்கில் தங்குகிற கசப்பு எல்லாம் வரும். யார் கேட்டாலும் "ஆங், போடுறேன், இவ்ளோ போடுறேன்" என்று கரண்டியைக் காட்டுவேன். சொல்லிப் போட்டால் பக்குவம். சொல்லாமல் போட்டால் திருட்டு. இந்த வசனத்தை நான் கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை முறை அடித்திருப்பேனோ, கணக்கில்லை. பாவா பக்கத்தில் இருக்கும்போதும் அடித்திருக்கிறேன்.

எக்ஸ்பிரஸ் வந்து நின்றது

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். வெயில் நாளில் ஒரு லாரி கடை வாசலில் வந்து நின்றது. சாக்குப் போட்டுச் சுற்றிய ஏதோ ஒன்றை நாலு பேர் இறக்கினார்கள். பின்னாலேயே பாவா இறங்கினார். அவருக்குப் பின்னால் கையில் ஒரு பையோடு வசந்தா அக்கா.

சாக்கை அவிழ்த்தால் பித்தளையும் நிக்கலுமாக ஒரு பெரிய உருளை. பக்கத்தில் கைப்பிடி, குழாய், மணிக்கூண்டு மாதிரி முள் வைத்த ஒரு வட்டம். மெட்ராஸில் மூடிப்போன ஒரு ஓட்டலில் வாங்கியதாம். "எஸ்பிரஸோ மெஷின். இத்தாலிக்காரன் கண்டுபிடிச்சது" என்றார் பாவா.

"ஓட்டல் ஏன் மூடிச்சு? இந்தக் காபியக் குடிச்சா?" என்றேன்.

"பாத்தியா சகலை, ஆரம்பிச்சிட்டா" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பாவாவுக்கு என் மேல் கோபமே வராது. அதுவும் எனக்குச் சந்தேகம்தான். என்னைப் போன்ற ஒருத்தியிடம் கோபப்படாத மனுஷன் மனசில் என்ன வைத்திருப்பான்?

அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நகரியில இருந்த தறிய வித்துட்டாருடி சரோஜா. இது ஓடலன்னா எங்களுக்கு வேற போக்கு இல்ல" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்றால், வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அப்படியானால் இவர் போகமாட்டார் என்று நினைத்தேன்.

பலகை எழுதுகிறவர் வந்து 'எக்ஸ்பிரஸ் காபி' என்று எழுதிவிட்டார். பாவா எஸ், பி, ர, ஸோ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஏங்க, ரயில்வே ஸ்டேஷன் போர்டே நான் எழுதினதுங்க. எனக்குத் தெரியாதா எக்ஸ்பிரஸ்?" என்று அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது. சீக்கிரம் வருகிற காபி, அதனால் எக்ஸ்பிரஸ். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மட்டும், "பம்பாய் எக்ஸ்பிரஸ் நம்ம ஊர்ல நிக்காதேம்மா, இது நிக்குமா?" என்று என் காதோடு கேட்டார். அன்றைக்கு அவருக்கு டபரா வழிய வழியக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் தீர்ப்பு சொன்னார். "ரெண்டு அடுப்பு வெச்சுகினு என்னால மாரடிக்க முடியாது. கிருத்திகை வரைக்கும் ரெண்டும் ஓடட்டும். அன்னிக்கு எந்தப் பக்கம் கூட்டம் நிக்குதோ அதான் கடை. இன்னொண்ணு எடுத்துடலாம்."

மெஷினை எடுத்தால் அக்கா குடும்பம் நடுத்தெருவில். பில்டரை எடுத்தால் நான் வீட்டில், மாமியார் முகத்துக்கு எதிரே. அவ்வளவுதான் விஷயம்.

அரை மணி, அரை நிமிஷம்

போன வாரம் இந்தப் பத்திரிகைக்கு, என் பேருக்கு வந்த கடிதங்களில் ஓசூர் வாசகி ஒருவர், எஸ்பிரஸோ, பில்டர் இரண்டில் எது உசத்தி என்று கேட்டிருக்கிறார். அம்மா தாயே, தெரிந்து கேட்டீர்களா, தெரியாமல் கேட்டீர்களா?

பில்டருக்குப் பொடி சன்ன ரவை மாதிரி இருக்க வேண்டும். மேல் அடுக்கில் போட்டு லேசாகத் தட்டி, கொதித்த தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட வேண்டும். பிறகு அதை யாரும் தொடக் கூடாது. தண்ணீர் தன் பாட்டுக்குத் தன் கனத்தில் இறங்கும். சொட்டு, சொட்டு. அரை மணி ஆகும். அவசரப்பட்டுப் பில்டர் தலையில் குட்டினால் கழுநீர்தான் வரும். இறங்கினது முதல் டிகாக்‌ஷன். கே.ஜி.கண்டிகையிலிருந்து சைக்கிளில் வந்த பாலைக் காய்ச்சிச் சேர்த்து ஆற்றினால், குடித்துக் கொஞ்ச நேரம் கழித்தும் தொண்டையில் மணம் இருக்கும்.

மெஷினுக்குப் பொடி கோதுமை மாவு மாதிரி. அதைக் கைப்பிடியில் இருக்கிற கிண்ணத்தில் அடைத்து, கட்டை விரலால் அமுக்கி, மெஷினில் மாட்டித் திருக வேண்டும். உருளைக்குள் முட்டிக்கொண்டு நிற்கிற நீராவி, வெந்நீரை அந்தப் பொடிக்குள் குத்தி இறக்கும். அரை நிமிஷம். கொஞ்சூண்டு, கரும்பழுப்பு, மேலே தேன் நிறத்தில் நுரை. பில்டரில் தண்ணீரைக் கேட்டுக்கொள்கிறோம். மெஷினில் மிரட்டுகிறோம்.

முதல் நாள் அந்தக் கொஞ்சூண்டை பாவா என்னிடம் நீட்டினார்.

"இன்னா இது, பச்சப்புள்ளைக்குக் குடுக்குற மருந்து மாதிரி?" என்றேன்.

"குடிச்சிப் பாரு."

குடித்தேன். முதலில் சுரீரென்றது. நாரத்தைத் தோலைக் கடித்த மாதிரி ஒரு ஓரப் புளிப்பு. அப்புறம் வறுத்த வேர்க்கடலை வாசனை. பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஆனாலும் வாய் முழுக்க நிறைந்தது. நன்றாக இருந்தது. நான் சொல்லவில்லை. "பரவால்ல" என்று டம்ளரைக் கவிழ்த்தேன்.

ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொஞ்சூண்டு ஆகவில்லை. பாவா பாலைக் குழாயடியில் பிடித்து, புஸ்ஸென்று ஆவி விட்டு நுரைக்க வைத்துக் கலந்து கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கே கூட்டம் வந்தது. உதட்டின் மேல் நுரை மீசையோடு ஆம்பளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நுரைக்கு மயங்குகிற ஊர்! மலையேறி இறங்கிவந்த என் பழைய வாடிக்கைக்காரர்கள்கூட, என்னைப் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போனார்கள்.

பச்சை டப்பா

பாவா தன் பொடியை ஒரு பச்சைத் தகர டப்பாவில் வைத்திருந்தார். அதற்குச் சின்னப் பூட்டு. சாவி அவர் சட்டைப் பையில்.

காபிப்பொடிக்குப் பூட்டு போடுகிறவரை என்னவென்று நினைப்பீர்கள்? நான் நினைத்தது புளியங்கொட்டை. வறுத்து அரைத்தால் கறுப்பாகத்தான் இருக்கும். அல்லது பேரீச்சங்கொட்டை. அக்காவிடம் கேட்டேன்.

"காத்து பட்டா மணம் போயிடுமாம்டி. உன் கண்ணு பட்டாலும் போயிடும்னு சிரிக்கிறாரு" என்றாள்.

சிரிக்கட்டும், கிருத்திகைக்குள் டப்பாவைத் திறந்து ஊரறிய நாறடிக்கிறேன் என்று இருந்தேன்.

கிருத்திகையன்று விடியற்காலை. அரோகரா சத்தம் படிக்கட்டுப் பக்கம் அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது. பாவா குளத்தில் முழுக்குப் போடப் போயிருந்தார். சட்டை ஆணியில் தொங்கியது.

டப்பாவைத் திறந்தேன். கண்ணாடி கிளாஸில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை போட்டேன்.

மிதந்தது. அத்தனையும் மிதந்தது. ஒரு நூல் இறங்கவில்லை. நான் குனிந்து, நிமிர்ந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுத்தமான கொட்டை. என் டப்பாவில் இருந்ததைவிடச் சுத்தம்.

திருடனைப் பிடிக்கப் போய், திருடன் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இந்த மனுஷன் நல்லவனாகவும் இருந்து, காபியும் நன்றாகப் போட்டு, என் இடத்தையும் எடுத்துக்கொண்டால் நான் யாரைத் திட்டுவது?

என் பக்கத்துத் தட்டில் சிக்கரித் தூள் தனியாக இருந்தது. நாலு கரண்டி எடுத்துப் பச்சை டப்பாவில் போட்டுக் கிளறிப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன். ருசி கொஞ்சம் மாறும், கசக்கும், கூட்டம் தானாக என் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் நினைத்தேன். 'சிக்கரி இல்லாத காபி ஒரு காபியா, நல்லதுதானே செய்கிறோம்' என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பவில்லை.

அடைத்துக்கொண்டது

சிக்கரி பில்டரில் பவ்வியமாக இருக்கும். மாவு மாதிரிப் பொடியோடு சேர்ந்து, அமுக்கி, ஆவியில் சிக்கினால் பசையாகிவிடும். எனக்கு அது தெரியாது. யாருக்குமே தெரியாது. எங்கள் ஊரில் அதற்கு முன்னால் மெஷின் ஏது?

பத்து மணிக்குக் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. முக்கால்வாசி பாவா பக்கம். அவர் கைப்பிடியை மாட்டித் திருகினார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. நின்றுவிட்டது. முள் ஏறிக்கொண்டே போனது.

"இன்னாங்க, எக்ஸ்பிரஸ் சிக்னல்ல நிக்குதா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மெஷினுக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பாவா நினைத்திருக்க வேண்டும். கைப்பிடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே முட்டிக்கொண்டிருந்தது அத்தனையும் டமாரென்று வெளியே வந்தது. கொதிக்கிற கறுப்புச் சேறு அவருடைய வலது கை முழுக்க. அவர் "அம்மா" என்று ஒரே சத்தம்தான் போட்டார். வெளியே காவடிக்காரர்கள் அதே நேரம் அரோகரா போட்டதில் அதுவும் பாதி கேட்கவில்லை.

அக்கா ஓடிவந்து தண்ணீர் வாளிக்குள் அவர் கையை முக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. சாயங்காலம் வரை பில்டர் காய நேரமில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

கண்ணாடி கிளாஸ்

மறுநாள் காலை பாவா கேட்ட தண்ணீரை அவர் முன்னால் வைத்தேன். அவர் இடது கையால் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். பச்சை டப்பாப் பொடி. பல்லால் கடித்துப் பிரித்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீர் மேல் தூவினார்.

பாதி மிதந்தது. பாதி, பழுப்பு நூல் நூலாக, மெதுவாக அடிக்கு இறங்கியது. இரண்டு பேரும் அது அடியைத் தொடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்லாவிலிருந்து என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "இன்னா சகலை, தண்ணிய அப்படிப் பாத்துகினு கீற?"

என் உயிர் அந்த நிமிஷம் பாவா வாயில் இருந்தது.

"ஒண்ணும் இல்ல சகலை. மெஷின் கோளாறுதான். பழசு. என்னை ஏமாத்திட்டாங்க" என்றார். கிளாஸை எடுத்துப்போய் வாசலில் கொட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "மரதலு, ஒரு காபி போடேன். உன் பில்டர் காபி" என்றார்.

போட்டேன். ஆற்றிக் கொடுத்தேன். இடது கையில் டம்ளரைத் தடுமாறிப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். எழுந்துகொண்டே சொன்னார்:

"நல்லா இருக்கு மரதலு. சிக்கரி அளவா கீது."

அந்த வாரமே மெஷின் பழைய பித்தளைக்குப் போனது. அவர்கள் நகரிக்குத் திரும்பிப் போனார்கள். சொந்தத் தறி வைத்திருந்தவர் இன்னொருவர் தறியில் கூலிக்கு நின்றார். கை ஆறிவிட்டது, தழும்பு வெள்ளையாக நின்றுவிட்டது. கடைசி வரைக்கும் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

அக்கா வீட்டுக் காபி

வசந்தா அக்கா நகரியில் மகன் வீட்டில் இருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போவேன். போனதும் காபி வரும். எல்லாருக்கும் வருகிற காபி அல்ல. எனக்கு வருவதில் சிக்கரி இருக்காது. ஒரு பொட்டுகூட இருக்காது. இத்தனை வருஷமாக, எனக்கு மட்டும்.

பாவா அவளிடம் சொல்லியிருந்தாரா? இல்லை, வாளித் தண்ணீரில் அந்தக் கையை முக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாளே, அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டதா? ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியமில்லாத சந்தேகம் இது ஒன்றுதான்.

போன தடவை அவள் மருமகளை அடுக்களையில் தனியாகப் பிடித்து, "எனக்கு மட்டும் ஏம்மா தனியா போடுறீங்க?" என்று கேட்டேன்.

"அத்தை சொல்லி வெச்சிருக்காங்க சின்னத்தை. உங்களுக்குன்னு தனி டப்பாவே கீது, அதோ" என்று மேல் தட்டைக் காட்டினாள்.

பாவாவின் அதே பச்சை டப்பா. நான் இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், அக்கா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கிறாள். அந்த டப்பாவில் இப்போது பூட்டு இல்லை. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.